நாலு எல்லையும் நமது காவலும்

உடைமை என்பது மாயை என்று மேடையிலே பேசுவது இலகு. மாரி மழையில் கூரை ஒழுகும் வீட்டுக்காரனுக்கு முன்னால் நின்று அதையே சொல்வது அவ்வளவு இலகுவல்ல. இல்லறத்தானுக்கு வீடும் வேண்டும், வளவும் வேண்டும், மகளுக்குக் கொடுக்க நாலு பவுண் நகையும் வேண்டும். எமது சமயம் இவற்றை வேண்டாம் என்று தள்ளவில்லை. திருவள்ளுவர் 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் பிறர் பொருளைத் தொடாமை பற்றிய 'கள்ளாமை' அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அரசனும் காவலும் தண்டமும் வருகின்ற பொருட்பாலில் அது இல்லை. அறத்துப்பாலிலே, துறவறவியலிலே, அருளுடைமைக்கும் வாய்மைக்கும் அருகில் இருக்கிறது. களவைத் தடுப்பது காவற்காரன் வேலை என்று அவர் நினைத்திருந்தால் அங்கே வைத்திருக்க மாட்டார்.

அப்படியாயின் ஒரு கிராமத்தில் நமது உயிரையும் உடைமையையும் காத்து நிற்பது எது? பூட்டா, மதிலா, பொலிஸா, உறுதிப் பத்திரமா? 'எல்லாவற்றையும் அம்பாள் பார்த்துக்கொள்வாள்' என்று சொல்லிவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. அவர்களும் படலையைப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

எமது கல்முனைக் கரையோரத்தின் அமைப்பை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை, நடுவே பிரதான வீதி. இந்த ஒடுங்கிய மணல் திட்டிலே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன. தமிழ் ஊர் முடிந்து முஸ்லிம் ஊர் தொடங்குவதும், முஸ்லிம் ஊர் முடிந்து தமிழ் ஊர் தொடங்குவதும் ஓர் ஒழுங்கையில். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகின்றவருக்கு அது தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

எமது சிறுவயதிலே இங்கு மதில் வீடுகள் மிகச் சில. மற்றெல்லாம் கிடுகு வேலிதான். வருடா வருடம் கிடுகு மாற்ற வேண்டும். மாற்றுகின்ற அன்றைக்கு வேலிக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றால்தான் கட்டலாம். ஒருவர் உள்ளே கயிற்றைக் குத்தி விட, மற்றவர் வெளியே இழுத்துத் தர வேண்டும். ஆகவே ஊர்ச் சண்டை எதுவாயினும் வேலி கட்டுகின்ற நாளில் அயலவனோடு பேசியே ஆகவேண்டும். அந்தக் காலத்தில் களவு இல்லை என்று நான் எழுதினால் அது பொய். தேங்காய்க் களவு இருந்தது, மாட்டுக் களவு இருந்தது, வயல் வாடியில் வைத்த நெல் மூடை போனதும் உண்டு. பழைய காலத்தைப் பொற்காலம் ஆக்குவது முதியவர்களாகிய எமக்கு ஒரு நோய். ஆனால் ஒன்று சொல்லலாம். களவு போனால் போன திசையை யாரோ ஒருவர் கண்டிருந்தார். வேலியின் பொட்டுக்குள்ளால் எப்போதும் ஒரு கண் இருந்தது.

அரச சேவையில் லிகிதராக இருந்த காலத்தில் என் கையால் புரட்டிய காணி உறுதிகளுக்குக் கணக்கில்லை. அவற்றை வாசிக்க வாசிக்க ஒரு விடயம் எனக்குப் புலப்பட்டது. பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய மகளின் சீதன வளவு, மேற்கே இன்னாருடைய தென்னந்தோட்டம், இந்நான்கு எல்லைக்குள் அடங்கியது' என்று எழுதியிருக்கும். காணியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வரி. மிகுதி எல்லாம் சுற்றியிருப்பவர்களின் பெயர். என் காணி எது என்று கேட்டால், அது அயலவர்களின் காணி முடிகின்ற இடம் என்பதே அந்த உறுதியின் விடை. அவர்கள் இல்லாவிட்டால் எனது காணிக்கு அடையாளம் இல்லை. நொத்தாரிசுமார் இதைத் தத்துவமாக நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் தத்துவம் அதற்குள்ளே இருக்கிறது.

இந்த அயலவர் பெரும்பாலும் யார் என்பதும் எமது பகுதிக்கே உரிய சிறப்பு. இங்கே வீடு மகனுக்குப் போவதில்லை, மகளுக்கே போகின்றது. மூத்த மகளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு கட்டுவார்கள். ஆகையால் அக்காவின் வீடும் தங்கையின் வீடும் சின்னம்மாவின் வீடும் ஒரே கிணற்றைச் சுற்றி இருக்கும். மாப்பிள்ளைதான் வெளியிலிருந்து வருபவர். தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் இதே வழக்கம்தான், தாய்வழிக் குடி முறையும் இரு பகுதியாரிடமும் உண்டு. அக்கரைப்பற்றிலே நீண்டகாலம் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நமது வீட்டு முற்றத்தில் உள்ளதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அது வேறு கதை.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே காலையில் சோதிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். இலங்கையிலே அதிகமான உயிர்கள் போனது எமது அம்பாறை மாவட்டத்திலேதான். 10,000 இற்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கை வைத்திருப்பதால் அந்தக் காலையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய மாதங்களைப் பற்றி.

மதில் போனது, வேலி போனது, எல்லைக்கல் போனது. பெட்டிக்குள் வைத்திருந்த உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அடையாள அட்டை எல்லாம் போயின. பதிவு செய்த உறுதியாயின் காணிப் பதிவகத்திலே பிரதி எடுக்கலாம். ஆனால் கடற்கரை வட்டாரங்களில் தாய் வாய்ப்பேச்சாகப் பிரித்துக் கொடுத்த துண்டுகளே அதிகம். எழுத்தில்லை. பிரதி கிடைத்தவர்களுக்கும், அதில் எழுதியிருந்த 'தெற்கே இன்னாருடைய மதில்' எங்கே நிற்கிறது? வெறும் மணல்தான் கிடந்தது.

அப்படிப்பட்ட ஒரு வளவுக்கு உத்தியோகத்தர்களோடு நானும் கொப்பியோடு போயிருந்தேன். உரிமை கோரியது ஓர் இளம் பெண். தாயும் தகப்பனும் கடலோடு போய்விட்டனர். அவளுக்கு எல்லை தெரியவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வளவுக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், மீன் வியாபாரி. அவருடைய வீடும் தரைமட்டம். அவர் வந்து இடிந்த கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு, "இந்தக் கிணத்தடிக்கு இஞ்சால எல்லாம் இந்தப் புள்ளட தாயிட வளவு சேர். அங்கால உள்ளதுதான் எங்கட" என்றார். ஒரு பாகம் தள்ளிச் சொல்லியிருந்தாலும் மறுத்துரைக்க ஆளில்லை. சாட்சி சொல்லக்கூடியவர்கள் இறந்துவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த எமக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். எழுதி முடிந்ததும் கையெழுத்து வைத்துவிட்டு, தன் பக்கத்து மண்ணைக் கிளறி எதையோ தேடப் போய்விட்டார்.

எல்லோரும் அப்படி நடந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லையைத் தள்ளியவர்களும் இருந்தார்கள், அனாதைப் பிள்ளையின் பெயரில் வந்த உதவியை எடுத்தவர்களும் இருந்தார்கள். அப்பிணக்குகளில் சில நீதிமன்றம் வரை சென்றன. ஆனாலும் அந்த வருடத்திலே எமது கரையோரத்துக் காணிப் பதிவேடு பெரும்பாலும் அயலவரின் வாயிலேதான் இருந்தது. அந்த வாய் பொய் சொல்லாத இடங்களிலே வீடு எழும்பியது. பொய் சொன்ன இடங்களிலே இழுபட்டது.

இதே அலை எமக்கு முன்னரே அடித்த இடம் இந்தோனேசியாவின் ஆச்சே. மணிமேகலைக் காப்பியத்திலே சாவக நாடு என்று வருகின்ற அந்தத் தீவுக்கூட்டத்தின் மேற்கு முனை. இந்தோனேசியாவில் இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 1,67,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அங்கும் பெரும்பாலான கிராமக் காணிகளுக்குப் பதிவு செய்த உறுதி இருக்கவில்லை. 2005 இல் அந்நாட்டு அரசாங்கம் உலக வங்கியின் நிர்வாகத்தில் வந்த உதவியோடு ஒரு திட்டம் ஆரம்பித்தது. அதன் முறை என்ன தெரியுமா? உயிர் தப்பிய கிராமத்தவர்கள் ஒன்றுகூட வேண்டும். இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று அவர்களே பேசி ஒத்துக்கொண்டு, எல்லையை அடையாளமிட்டு, அயலவர் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பின்னரே நில அளவையாளர் வந்து அளப்பார். திட்டம் எண்ணிய அளவுக்கு முடியவில்லை, தாமதமும் இருந்தது. ஆயினும் மொழி வேறு, நாடு வேறான அந்த மக்களுக்கும் கடைசியில் கிடைத்த ஆதாரம் அயலவரின் சொல்தான்.

இந்தோனேசியக் கிராமங்களைப் பற்றிச் சொல்லும்போது ஜாவாத் தீவிலுள்ள ஒரு வழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே இரவுக் காவலுக்குச் சம்பளக்காரர் இல்லை. ஊர் ஆண்கள் முறைவைத்துச் சுற்றி வருவார்கள். 'ரொண்டா' என்பது அதன் பெயர். சந்தியிலே ஒரு சிறு கொட்டில் இருக்கும். அதில் மூங்கிலிலோ மரத்திலோ குடைந்த, தட்டினால் ஓசை எழுப்பும் ஒரு கருவி தொங்கும். 'கெந்தோங்கான்' என்பார்கள். களவுக்கு ஒரு விதமாய்த் தட்டுவார்கள், நெருப்புக்கு இன்னொரு விதம், மரணத்துக்கு வேறொரு விதம். தட்டைக் கேட்டே ஊர் எழும்பும்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. பல கிராமங்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிறு பாத்திரம் தொங்கும். இரவு படுக்குமுன் வீட்டுக்காரி அதில் சிறிதளவு அரிசி போட்டு வைப்பாள். சுற்றி வருகின்ற காவற்காரர் அதை எடுத்துச் சேர்ப்பார்கள். 'ஜிம்பித்தான்' என்று பெயர். சேர்கின்ற அரிசியை விற்றுப் பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்துவார்கள். எமது தாய்மார் உலையில் இடுமுன் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று எடுத்து வைத்த பிடியரிசியை இது நினைவூட்டுகின்றது. ஆனால் இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. காலையில் பாத்திரம் வெறுமையாய் இருந்தால் இரவு காவல் வந்துபோனது என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். அரிசி வைக்காத வீட்டில் ஏதோ சுகமில்லை என்று காவற்காரருக்குத் தெரியும். ஒரு பிடி அரிசி இரண்டு பக்கமும் செய்தி சொல்கின்றது.

இவ்வளவும் நல்லதே. ஆனால் காவலுக்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். அதே ஜாவாத் தீவின் கிழக்கே பன்யுவாங்கி என்ற பகுதியில் 1998 ஆம் ஆண்டு 'இவர் சூனியக்காரர்' என்ற சந்தேகத்தின் பேரில் 100 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சூனியக்காரர் என்று காதோடு காதாய்ப் பெயர் சொல்லிக் கொடுத்தவர்களில் அயலவர்களும் இருந்தார்கள். களவைப் பார்க்கின்ற கண்ணும் சந்தேகப்படுகின்ற கண்ணும் ஒரே கண்தானே.

நாம் மட்டும் குறைந்தவர்களா? 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி இந்த நாட்டையே ஆட்டியது. எமது கரையோரத்திலும் இளைஞர்கள் பொல்லுகளோடு விடியும் வரை விழித்திருந்தார்கள். பெண்கள் பயந்திருந்தது உண்மை, அவர்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஊருக்குப் புதியவர், வியாபாரத்துக்கு வந்தவர், புத்தி சுவாதீனமற்றவர் என்று நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடிவாங்கினார்கள். உயிரும் போனது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரிலே ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு கதை கிளம்பியது. உணவகம் நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாத்திரை அல்ல, மாவுக் கட்டி என்று தெரிந்தது. அறிக்கை வருவதற்குக் கிழமைக் கணக்கு எடுத்தது. கல் எறிவதற்கு அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது.

இங்கேதான் எமது தாய்த் தெய்வங்களின் கதையை நாம் கேட்க வேண்டிய முறையில் கேட்கிறோமா என்ற ஐயம் எனக்கு எழுகின்றது. வருடா வருடம் வைகாசியிலே இக்கரையோரமெங்கும் கண்ணகி அம்மன் ஆலயங்களில் கதவு திறந்து சடங்கு நடைபெறுகிறது. கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. குளிர்த்தியோடு நிறைவுறுகின்றது. வழக்குரை என்றால் என்ன? வழக்கை எடுத்துரைத்தல். என்ன வழக்கு? ஒரு களவு வழக்கு! அரசியின் சிலம்பு காணாமற் போனது. உண்மையில் எடுத்தவன் தட்டான். ஊருக்குப் புதியவனான கோவலன் கையில் சிலம்பு இருந்தது. விசாரணை நடக்கவில்லை, ஆள் வெட்டுப்பட்டான். உடைமையைக் காக்க வேண்டும் என்ற அவசரத்தில் உயிர் எடுக்கப்பட்டது. அதன் விலையாக மதுரையே எரிந்தது. எரிந்த கோபம் தணியத்தான் குளிர்த்தி. களவுக்காக அல்ல, விசாரியாமல் தண்டித்ததற்காகவே அந்த ஊர் எரிந்தது என்பதைக் குளிர்த்தித் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளும்போது எத்தனை பேர் நினைக்கிறோம்?

பாண்டிருப்பிலே தீமிதிப்பு விழாக் காணும் திரௌபதை அம்மனின் கதையும் ஒரு வழக்கே. நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னை வைத்தான், பின் மனைவியையும் பணயம் வைத்தான் தருமன். தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையிலே அவள் கேட்டாள். எது ஒருவருடைய உடைமை, எது உடைமையே ஆகாது என்ற கேள்வி அது. பெரியவர்கள் நிறைந்த சபை, ஒருவரும் நேராக விடை சொல்லவில்லை. எமது கரையோரத்தின் இரண்டு பெரும் தாய்மாரும் நீதி கேட்டு நின்றவர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1990 ஆம் ஆண்டையும் இந்த இடத்தில் தாண்டிப் போக முடியாது. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியிலே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12 ஆம் திகதி வீரமுனையிலே பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கிழமைகளிலே பல ஊர்களில் வேலிக்கு அப்பாலிருந்து வந்த சத்தம் அயலவனின் சத்தமா எதிரியின் சத்தமா என்று தெரியாமல் குடும்பங்கள் நடுங்கின. சில இடங்களில் அதே வேலியைத் தூக்கி அயலவரை உள்ளே எடுத்து மறைத்தவர்களும் இருந்தார்கள். இவர்களுடைய பெயர்கள் எந்த மலரிலும் அச்சாகவில்லை. அச்சாக வேண்டாம் என்று அவர்களே விரும்பியதும் உண்டு.

அப்படியானால் விழித்திருப்பதும் வேண்டும், விசாரியாமல் தண்டிப்பதும் கூடாது. இரண்டையும் ஒரு சாதாரண ஊர் எப்படிச் செய்வது? இதற்கு விடை புராணத்தில் தேட வேண்டியதில்லை. எமக்குப் பக்கத்து ஊரிலேயே நடந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. சாய்ந்தமருதுவிலே பொலிவேரியன் கிராமம் என்ற குடியேற்றம் இருக்கிறது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக வெனிசுவேலா நாட்டின் உதவியோடு கட்டப்பட்டது. அங்கே வாடகைக்கு வந்திருந்த புதியவர்கள் மீது ஊரவருக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் கல்லெடுக்கவில்லை. வீட்டை எரிக்கவில்லை. போய்க் கேட்டார்கள், நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று. மறுமொழி சரியில்லை என்றதும் பாதுகாப்புத் தரப்புக்கு அறிவித்தார்கள். அன்றிரவு அந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. 6 குழந்தைகள் உட்படக் குறைந்தது 15 பேர் மாண்டனர். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இதை வெற்றி என்று சொல்ல நாக்கு எழாது. ஆயினும் அந்தக் குண்டுகள் வேறோர் இடத்துக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும்?

கவனிக்க வேண்டியது, கேட்டவர்களும் முஸ்லிம்கள், கேட்கப்பட்டவர்களும் முஸ்லிம்கள். தம் சமூகத்தார்தானே என்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அலையில் எல்லாம் இழந்து, யாரோ ஒரு தூர தேசத்தார் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்த அந்த மக்கள் ஊருக்காகச் செய்ததை, அதே ஆண்டு மே மாதம் வேறு மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. நம்மவர்களிலும் அப்போது தேநீர்க் கடையில் இருந்து பேசிய பேச்சுக்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

அயலவர் இல்லாத உடைமை என்னவாகும் என்பதற்கும் அருகிலேயே சாட்சி உண்டு. அக்கரைப்பற்றுக்கு மேற்கே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கென 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்பதில் இனப் பிணக்கு எழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் ஆண்டுக் கணக்கில் பகிர்ந்தளிக்கப்படாமல் கிடந்தன. சுவர் இருந்தது, கூரை இருந்தது, கதவு இருந்தது. ஆள் இல்லை. காடு பற்றிப் பாழடைந்தன. வீடிழந்தவர்கள் இங்கே வாடகை வீட்டிலும் உறவினர் திண்ணையிலும் வயது போக்கினார்கள். அந்தப் பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எமக்குக் கிடையாவிட்டால் அவர்களுக்கும் கிடைக்கக்கூடாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதும், அந்த நினைப்பு நிறைவேறியது என்பதும் உண்மை.

இப்போது எமது ஊரின் நிலை என்ன? மதில்கள் உயர்ந்துவிட்டன. மதிலின் மேல் போத்தல் ஓடு பதிக்கிறார்கள். பிள்ளைகள் கட்டாரிலும் கனடாவிலும் இருக்க, மாடி வீட்டிலே வயோதிபத் தாய் தனித்து இருக்கிறாள். வாசலில் கமெரா. கட்டாரிலிருக்கும் மகன் கைபேசியில் முற்றத்தைப் பார்க்கிறான். நல்ல வசதிதான், எமது ஆலயத்திலும் உண்டியலுக்கு மேலே ஒன்று பூட்டியிருக்கிறோம். ஆனால் தாய் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் கமெரா அதைக் காட்டும், தூக்கி எழுப்பாது. மகன் அங்கிருந்து யாருக்குத் தொலைபேசி எடுப்பான்? மதிலுக்கு அப்பால் இருப்பவரின் இலக்கம் அவனிடம் உண்டா? ஆலயக் கூட்டமொன்றிலே இதைக் கேட்டேன். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பல பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லைப் பிணக்குகளும் கூடிவிட்டன. அதுவும் அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில். காணி விலை ஏறியதால் ஒரு முழத்துக்கு ஒரு வழக்கு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலே, பங்குக் காணியை விற்பவர் மற்றப் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற முன்விலை உரிமை உண்டு. எமது பகுதிக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆயினும் விற்குமுன் பக்கத்து வளவுக்காரரின் காதில் ஒரு வார்த்தை போட்டு வைக்கின்ற மரியாதை இருந்தது. இப்போது விற்பனை முடிந்து மதில் எழும்பும்போதுதான் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரிகிறது. அவர் தமிழராயினும் சரி, முஸ்லிமாயினும் சரி, அவருடைய முதற் கேள்வி 'வாங்கினது ஆர்?' என்பதல்ல, 'வாங்கினது எந்த ஆக்கள்?' என்பது. கேள்வியின் அந்த ஒரு சொல் மாற்றத்தில் எமது முப்பது நாற்பது வருடச் சரித்திரம் இருக்கிறது.

கடைசியாக ஒரு லிகிதரின் கவலை. 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், 'பிம் சவிய' என்ற திட்டத்தின்படி நாட்டின் பல பகுதிகளில் காணிகளுக்குப் புதிய உரித்துச் சான்றிதழ் கொடுத்து வருகிறார்கள். ஒழுங்கான ஏற்பாடு. வரைபட இலக்கம் உண்டு, துண்டு இலக்கம் உண்டு, பரப்பளவு உண்டு. மோசடிக்கு இடம் குறைவு. நான் அதை எதிர்க்கவில்லை, சேவையில் இருந்திருந்தால் நானே மகிழ்ச்சியோடு பதிந்திருப்பேன். ஆனால் பழைய உறுதியில் இருந்தது போல் 'வடக்கே இன்னார், தெற்கே இன்னார்' என்று அதில் வராது. இலக்கம் மட்டும்தான்.

எனது மகளுக்குக் கொடுத்த வளவின் உறுதியிலே நாலு பக்கத்துக்கும் எழுதியிருந்த பெயர்களில் மூவர் இறந்துவிட்டனர். ஒருவருடைய பிள்ளைகள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சென்ற மாதம் நாலு வீட்டுக்கும் நடந்து போய், இப்போது இருப்பவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்தேன். தெற்கு வீட்டுக்காரர் புதியவர், முஸ்லிம் ஆசிரியர். ஏன் கேட்கிறீர்கள் என்று முதலில் தயங்கினார். விடயத்தைச் சொன்னதும் தன் இலக்கத்தைத் தந்துவிட்டு, எனது மகளின் இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தாளை உறுதியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.